வலி இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்

மார்ச் 6

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். பெரிய மனிதர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள் என்று கேள்வி. நான் கொஞ்சம் தாமதமாக ஆரம்பிக்கிறேன், அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷம் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றவனுக்குப் பேனா பிடிக்க நேரம் ஏது? படிப்பு ஏழாம் வகுப்பு. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அன்று தலைமை ஆசிரியர் வீடு தேடி வந்து கண்ணீர் விட்டார். அவர் சத்துணவுத் தட்டைத் திருப்பிக் கேட்கத்தான் வந்தார் என்று வேலுத்தாய் சொல்லித் திரிகிறாள். வேலுத்தாய் என் மனைவி. அந்தக் காலத்தில் அவள் என்னைப் பார்த்ததுகூட இல்லை.

நோட்டு வாங்கித் தந்தது வடிவு. என் அக்கா மகள். சண்முகவடிவு, பி.ஏ., பி.எல். அருப்புக்கோட்டை கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நடந்தால் சீனியர் வக்கீல்களே வழிவிடுகிறார்கள். என் கேஸை அவள்தான் நடத்தப்போகிறாள்.

"மாமா, தினமும் ரெண்டு வரி எழுதுங்க. எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, எந்த வேலை செய்ய முடியலன்னு. கேஸ் முடிய ஒரு வருஷம் ஆகும், ரெண்டு வருஷம்கூட ஆகும். அதுக்குள்ள மறந்துருவீங்க."

"நான் எதையாச்சும் மறந்திருக்கேனா ஆத்தா?"

"நடந்தத மறந்துருவீங்க. நடக்காததத்தான் நல்லா ஞாபகம் வச்சிருப்பீங்க."

கேஸ் இதுதான். பிப்ரவரிக் கடைசியில் மைதீன் பாய் கடை வாசலில் நின்றிருந்தேன். அந்தக் கடையின் பரோட்டா மாஸ்டர் நான். குட்டி யானை என்று எங்கள் ஊரில் சொல்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்று, பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்தது. வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே மாலை போட்டிருப்பார்கள். நான் வலது கையை நீட்டினேன், வண்டி நின்றது. எனக்குப் பின்னால் ஒரு குழந்தை நின்றது. அதுக்கு ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். டியூட்டி டாக்டரம்மா சின்னப் பெண். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். "தோள்ல வலி எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். வேலுத்தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "வலியா, எனக்கா? வலி இல்லைன்னு எழுதிக்கிங்கம்மா" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை. இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள். எனக்கு ஒரு கல்யாண ஆர்டர் இருந்தது. என் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வலி: இல்லை.

மார்ச் 8

வலி இல்லை. சட்டைப் பொத்தானை வேலுத்தாய் மாட்டிவிட்டாள். எனக்கு மாட்ட முடியாது என்று இல்லை. அவளுக்கும் காலையில் ஒரு வேலை வேண்டாமா.

மார்ச் 9

வலி இல்லை. தூக்கமும் இல்லை. சால்னாவில் புதிதாக என்ன சேர்க்கலாம் என்று விடியும்வரை உட்கார்ந்து யோசித்தேன்.

மார்ச் 14

கடைக்குப் போனேன். கல்யாண ஆர்டருக்குப் போனேனா என்று பலர் கேட்கிறார்கள். போனேன். மேற்பார்வை பார்த்தேன். பெரிய மாஸ்டர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் மேற்பார்வைதான் பார்ப்பார்கள்.

இன்று கல்லுக்கு முன்னால் நின்று இடது கையால் வீசினேன். மாவு நன்றாகத்தான் விரிந்தது. மைதீன் பாய் கல்லாவில் இருந்து எழுந்து வந்து பார்த்தார்.

"சீனி, இது பரோட்டாவா, கைக்குட்டையா?"

"புது மாடல் பாய்."

"வாடிக்கைக்காரவுக மூக்கத் தொடச்சிட்டுப் போயிருவாகப்பா. இங்கிட்டு வா. வாசல்ல நில்லு. வர்றவுகளக் கூப்பிடு. உன் உடம்புல அடிபடாம இருக்கிறது வாய் ஒண்ணுதான்."

வாசலில் நின்று கூப்பிட்டேன். குட்டி யானையை நிறுத்திய கதையைக் கேட்கவே கூட்டம் கூடியது. எனக்குப் பின்னால் நின்ற இரண்டு குழந்தைகளும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவர் விசாரித்தார். நன்றாகப் படிக்கிறார்கள் என்றேன்.

என் இடத்தில் சிவகாசியில் இருந்து ஒரு மாஸ்டரைத் தற்காலிகமாகப் போட்டிருக்கிறார் பாய். அவன் வீசுகிறான். சத்தம் வருகிறது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

மார்ச் 22

ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனோம். வேலுத்தாயும் வந்தாள். எலும்பு டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார்.

"எவ்வளவு ஒசரம் வேணும் சார்?"

"முடிஞ்ச வரைக்கும்."

தூக்கினேன். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, குதிகாலை உயர்த்தி, உடம்பு மொத்தத்தையும் தூக்கினேன். கையும் கூடவே போனது. டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார். "வலி இருக்கா?" என்றார். வேலுத்தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலி இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். மேல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டேன். எப்போதும் இடது கையால்தான் பிடிப்பேன்.

ஒரு விஷயம். இந்த நோட்டின் ஓரத்தில் மஞ்சள் விரல் ரேகை தெரிகிறது. எலியாக இருக்கும்.

ஏப்ரல் 11

வேலுத்தாய் அவள் தங்கச்சி மகள் வளைகாப்புக்குக் கமுதி போயிருக்கிறாள். நான் தனியாக ஆஸ்பத்திரி போனேன். டாக்டரோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதித் தந்தார்.

வளைகாப்புச் சோறு ஏழு வகை வாளியில் வந்தது. புளிச்சோறு சுமார்.

ஏப்ரல் 20

ஸ்கேன் வந்துவிட்டது. இந்த முறை வேலுத்தாயும் கூட வந்தாள். தோள் மூட்டைப் பிடித்து நிற்கிற தசைநார் கிழிந்திருக்கிறதாம். சாதாரணக் கிழிசல் இல்லை. இவ்வளவு நேர்த்தியான கிழிசலைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று ஸ்கேன் எடுத்த தம்பி சொன்னான். சொல்லவில்லை என்றாலும் அவன் முகத்தில் தெரிந்தது.

டாக்டர் விளக்கினார். மதுரையில் ஆபரேஷன் செய்தால் மறுபடியும் மாவு வீசலாம். ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் நார் சுருங்கிப்போகும், அப்புறம் தைக்க வராது. ஆபரேஷனுக்கான தொகையைக் கேட்டு வேலுத்தாய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். எங்களிடம் அது இல்லை. பாயிடமும் இருக்காது. மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. அந்தக் கம்பெனி கொடுத்தால் என் கை, கொடுக்காவிட்டால் வாசலில் நின்று கூப்பிடுகிற வேலை.

வேலுத்தாய் டாக்டரிடம் கேட்டாள்: "இம்புட்டுக் கிழிஞ்சா வலிக்காதா சார்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். நல்ல படம்.

மே 3

வடிவு ஆஸ்பத்திரிக் காகிதங்களின் நகலை எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கூடவே இந்த நோட்டையும் கேட்டு வாங்கி வாசித்தாள். நான் பெருமையோடு எதிரே உட்கார்ந்திருந்தேன். எழுத்து எப்படி என்று கேட்டேன்.

"மாமா, வலி நோட்டு எழுதச் சொன்னேன். நீங்க வரலாறு எழுதியிருக்கீங்க."

பிறகு காகிதங்களைத் தரையில் பரப்பினாள்.

"முதல் நாள் பேப்பர். 'குழந்தையைக் காப்பாற்றத் தானே வண்டிக்குக் குறுக்கே கையை நீட்டியதாகச் சொல்கிறார். வலி இல்லை என்கிறார்.' ரெண்டாவது பேப்பர், சொந்தப் பொறுப்பில் வெளியேறினார். மூணாவது, கை முழுசாகத் தூக்குகிறார், வலி இல்லை. அப்புறம் ஏப்ரல் பதினொண்ணு. 'கடுமையான வலி, இரவில் தூக்கம் இல்லை, கையைத் தூக்க முடியவில்லை.' இதுக்கு நடுவுல என்ன நடந்துச்சு தெரியுமா மாமா?"

"என்ன நடந்துச்சு?"

"நாம கேஸ் போட்டோம். அதான் நடந்துச்சு. வலி இல்லாத ஆளுக்கு நான் வலி சொல்லிக்கொடுத்துட்டேன்னு எதிர்த்தரப்பு சொல்லும். இருபத்தஞ்சு வருஷம் மாவு வீசித் தேஞ்ச தோளு, வண்டி இடிச்சுக் கிழியலன்னு சொல்லும். வண்டிக்குள்ள நீங்களாத்தான் கைய விட்டீங்கன்னும் சொல்லும். வாயால எத்தன தடவ வேணா மாத்திச் சொல்லலாம் மாமா. மொத நாள் பேப்பர்ல ஏறினத அழிக்க முடியாது."

"டாக்டரம்மா நான் சொன்ன எல்லாத்தையும் எழுதுவாங்கன்னு யார் கண்டா?"

"வேற எதுக்கு மாமா பேனா வச்சிருந்தாக?"

வேலுத்தாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஏப்ரல் பதினொன்றாம் தேதிக் காகிதத்தை வடிவு கையில் இருந்து வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அந்த டாக்டர் எழுத்து புரிந்திருக்காது. ஆனால் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

மே 4

வடிவு சொன்னபடி இன்று முதல் வலியை எழுதுகிறேன்.

வலி: உச்சந்தலையில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை. காது வலி உண்டு. நகம் வலிக்கிறது. இந்த ஜில்லாவிலேயே இவ்வளவு வலியை இவ்வளவு தைரியமாகத் தாங்குகிற ஆள் வேறு இல்லை. ஆடு மாடெல்லாம் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறது.

எழுதி முடித்ததும் உடம்பு லேசாக இருக்கிறது. வலி இல்லை.

ஜூன் 12

விருதுநகரில் மருத்துவக் குழு முன்னால் ஆஜரானேன். கைக்கு எத்தனை சதவீதம் ஊனம் என்று அவர்கள் சொன்னால்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். வெளி வராந்தாவில் என்னைப் போல் நிறையப் பேர். ஒருவர் நொண்டிக்கொண்டே போய் டீ குடித்தார், நேராக நடந்து திரும்பி வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மாமா" என்று வடிவு போனிலேயே மூன்று தடவை சொல்லியிருந்தாள். டாக்டர் எங்கே வலி என்று கேட்டார். எங்கே என்று கேட்டதால் எல்லா இடத்தையும் சொன்னேன். தோள், முழங்கை, முதுகு, கண், கடைவாய்ப் பல்.

"வண்டி பல்லுலயா மோதுச்சு?"

"அதிர்ச்சி சார். பல்லு வரைக்கும் வந்துருச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பெரியவரே, தோளை மட்டும் காட்டுங்க" என்றார். சட்டையைக் கழற்றி, கையைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் தூக்கினார். தூக்கும்போது என் வாயில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் நான் போட்டது இல்லை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து வேலுத்தாய் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். "என்ன சத்தங்க அது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, தும்மினேன்" என்றேன். டாக்டர் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் இருக்கு சார். எழுதிக்கிங்க" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நெடுநேரம் என்னவோ எழுதினார்.

சாப்பாடு தக்காளிச் சோறு. அருமை.

ஜூன் 13

சதவீதம் குறைவாகத்தான் வந்திருக்கிறது. 'முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார்' என்று ஒரு வரி இருக்கிறதாம். வடிவு போனை வைத்துவிட்டாள். அவளும் கோபத்தில் என்னை மாதிரியே.

செப்டம்பர் 30

வலி இல்லை. மழையும் இல்லை. வாசலில் நான் சொல்கிற கதையில் இப்போது பள்ளிக்கூட வேன் ஒன்று வருகிறது. கூட்டம் நல்ல கூட்டம். கடைக்குள் போகிறவர்கள்தான் குறைவு.

டிசம்பர் 19

சிவகாசி மாஸ்டருக்கு பாய் சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். தற்காலிகம் என்றுதான் இன்னமும் சொல்கிறார். நானும் தற்காலிகம் என்றேன். சட்டை கொஞ்சம் லூசு.

பிப்ரவரி 18

கோர்ட்டுக்குப் போய் வந்தோம். நல்ல வெயில்.

பிப்ரவரி 19

நேற்று எழுத நேரமில்லை. இன்று எழுதுகிறேன்.

நான் சாட்சி சொல்வதைப் பார்க்க ஊரே திரண்டு வந்தது. மைதீன் பாய் வந்தார், கடையில் தண்ணீர் எடுத்து வைக்கிற சௌந்தரம் வந்தாள். மற்றவர்களுக்குச் சோலி. நான்தான் எல்லோரையும் அழைத்திருந்தேன். வேலுத்தாய் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். நீதிபதி ஒரு அம்மா. கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர்.

இன்சூரன்ஸ் வக்கீல் பெயர் ஞானதுரை. கொம்பு முளைத்த ஆள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரைப் போல என்னை மரியாதையாக யாரும் நடத்தியதில்லை.

"வணக்கம் மாஸ்டர். உங்க வீச்சுப் பரோட்டாவ நானே சாப்பிட்டிருக்கேன்."

"சந்தோசம் சார்."

"ஒரு நாளைக்கு எத்தன போடுவீங்க?"

"சாதாரண நாள்னா ஆயிரம். பொங்கல், தீபாவளின்னா மூவாயிரம்."

வடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருபத்தஞ்சு வருஷமா?"

"ஒரு நாள் லீவு கிடையாது சார்."

"அப்படி ஒழைச்சா இரும்பே தேயுமே மாஸ்டர். தோள் தேயாதா?" என்றார். அப்போதுதான் அவர் எங்கே கூட்டிக்கொண்டு போகிறார் என்பது புரிந்தது. ஆனால் பாதி வழி வந்தாகிவிட்டது.

அடுத்து, எனக்குப் பின்னால் நின்ற குழந்தையைப் பற்றிக் கேட்டார். முதல் நாள் காகிதத்தை எடுத்து வாசித்தார். குழந்தைக்காக நானே கையைக் குறுக்கே நீட்டினேன் என்று அதில் இருக்கிறது. குழந்தையின் பெயர் என்ன, யார் வீட்டுப் பிள்ளை என்றார். வடிவு என்னைப் பார்த்த பார்வையில், அவள் சின்ன வயதில் நான் கதை சொல்லும்போது பார்ப்பாளே, அது இல்லை.

"குழந்தை இல்ல சார்" என்றேன்.

"பின்ன யாரு நின்னது?"

"மைதா மூட்டை."

சிரித்தார்கள். "பிரிக்காத மூட்டைங்க" என்று சேர்த்துச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். வண்டி வந்ததை நான் பார்க்கவே இல்லை என்றும், திரும்பிப் பார்ப்பதற்குள் தோளில் இடித்துவிட்டது என்றும் சொன்னேன். சொன்னது என் குரல் மாதிரியே இல்லை. ரொம்பச் சின்னக் கதையாக இருந்தது.

அப்புறம் ஞானதுரை வலி இல்லை, வலி இல்லை, வலி இல்லை என்று எல்லாக் காகிதங்களையும் வரிசையாக வாசித்தார். வாசித்துவிட்டு அன்பாகக் கேட்டார்.

"மாஸ்டர், வலி இல்லாத கைதான இது. உங்க பாய் வந்திருக்காரு, வீட்டுக்காரம்மா வந்திருக்காங்க. அந்த வீச்ச ஒரு தடவ காட்டுங்களேன், நாங்களும் பாக்குறோம்."

வடிவு எழுந்து ஆட்சேபம் சொன்னாள். நீதிபதி அம்மா அவளைப் பார்த்துக் கையமர்த்திவிட்டு, "உங்களுக்கு விருப்பம் இருந்தா செய்யலாம், இல்லன்னா வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார். வடிவு எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்தேன்.

இதை யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். கேஸ் ஜெயிக்க வேண்டும் என்றால் கையைத் தூக்க முடியாது என்று சொன்னால் போதும். எனக்கு அது தெரியும். ஆனால் பாய் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு வருஷமாக ஒருவன் என் கல்லுக்கு முன்னால் நிற்கிறான். நான் நிஜமாகவே வீசப் பார்த்தேன். முழு மனசோடு வீசினேன். இடுப்பைச் சாய்க்கவில்லை, குதிகாலைத் தூக்கவில்லை. இரண்டு விரலில் துண்டின் நுனியைப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி, சுழற்றி மேலே கொண்டு போனேன்.

கை நெஞ்சு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. துண்டு கூண்டுக்கு வெளியே விழுந்தது.

கோர்ட் டவாலி எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் வீசினேன். மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது தடவை அவர் துண்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. பாய் தலையைக் குனிந்துகொண்டார். ஞானதுரை காகிதத்தை அடுக்க ஆரம்பித்தார்.

காய்ந்த துண்டு. காற்றில் நிற்காது. ஈரத் துண்டாக இருந்திருந்தால் கதையே வேறு.

நீதிபதி அம்மா கேட்டார்: "இவ்வளவு கஷ்டத்த வச்சுக்கிட்டு டாக்டர்கள்ட்ட ஏன் வலி இல்லன்னு சொன்னீங்க?"

நான் பின் பெஞ்சைப் பார்த்தேன்.

"அம்மா, என் வீட்டுக்காரியக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்."

கோர்ட்டில் இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "அம்மா, கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். வேலுத்தாய் எழுந்து போனாள். கதவு சாத்துகிற வரை காத்திருந்தேன்.

பிறகு சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். இந்த நோட்டை அவள் படிக்கிறாள். எலிக்கு மஞ்சள் அரைக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா?

நான் சொல்லி முடித்ததும் வடிவு நகல்களைப் புரட்டினாள். அவள் முகம் மாறியது. எழுந்து, எல்லா ஆஸ்பத்திரிக் காகிதங்களின் மேல் மூலையையும் பார்க்கச் சொன்னாள். உடன் வந்தவர் என்று அங்கே ஒரு கட்டம் இருக்கிறது. நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. வலி இல்லை என்கிற ஒவ்வொரு காகிதத்திலும் அந்தக் கட்டத்தில் மனைவி, மனைவி, மனைவி. ஏப்ரல் பதினொன்றில் மட்டும் கட்டம் காலி. கடைசியாக விருதுநகர்க் காகிதம். அந்த டாக்டர் நெடுநேரம் எழுதியது இதுதான்: 'மனைவி உள்ளே வந்ததும் வலி இல்லை என்று மாற்றிச் சொன்னார்.' முரணாகப் பேசுகிறார் என்கிற வரிக்கு அடுத்த வரி. நாங்கள் முதல் வரியோடு நிறுத்திவிட்டிருந்தோம்.

மைதீன் பாய் அடுத்து சாட்சி சொன்னார். வண்டி இடித்ததற்கு முந்தின ராத்திரி கடைசிப் பரோட்டா வரை நான்தான் வீசினேன், தோள் வலி என்று ஒரு நாளும் நின்றதில்லை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆயிரமெல்லாம் இல்லம்மா, ஒரு நாளைக்கு நானூறு" என்றும் சொன்னார். சத்தியம் செய்துவிட்டுச் சொன்னார், அதனால் மன்னித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வேலுத்தாய் அரிவாள்மனையோடு உட்கார்ந்தாள். வெங்காயம் உரித்தாள்.

"என்ன சொன்னேன்னு கேக்கமாட்டியா?" என்றேன்.

"வெளிய போன்னா போயிருவேனாக்கும்? ஜன்னல்கிட்டதான் நின்னேன்."

"முழுசும் கேட்டியா?"

"கேட்டுத்தான் தெரியணுமா? ஒரு வருசமாப் பொத்தான் மாட்டிவிடுறவ. ராத்திரி பூராம் சொவத்தப் பாத்து உக்காந்திருக்கிற மனுசன் சால்னாவயா யோசிக்கிறாரு?"

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டுட்டா நீங்க அழுதுருவீங்கள்ல."

"நானா? நீதான் அழுவ."

"ஆமா. நான்தான் அழுவேன்" என்றாள். வெங்காயம் அப்படி.

ஏப்ரல் 24

தீர்ப்பு வந்துவிட்டது. வடிவு மைதீன் பாய் கடையில் வைத்து வாசித்தாள். வாசித்தபோது சிவகாசி மாஸ்டர்கூட வீசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

தவறு முழுக்க வண்டி ஓட்டியவன் மேல். தோள் அந்த விபத்தில்தான் கிழிந்தது. மனைவி கலங்கக் கூடாது என்பதற்காக மறைத்தது ஏமாற்று வேலை ஆகாது. மருத்துவக் காகிதங்களில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் முழுவதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஆபரேஷன் செலவையும், மாவு வீச முடியாத காலத்துச் சம்பளத்தையும் கம்பெனி தர வேண்டும். எல்லாம் சரி.

ஒரு வரி மட்டும் சரியில்லை. 'குழந்தை பற்றிய கூற்றை இந்த நீதிமன்றம் நம்பவில்லை.'

"ஆத்தா வடிவு, இதுக்கு மட்டும் அப்பீல் போகலாமா?"

"மாமா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரு டீய வாங்கிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

"மதுரைக்குப் போய் வா சீனி" என்றார் பாய். "கல்லு எங்கயும் போகாது." அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். சால்னாப் புகை என்று சொன்னார். அடுப்பு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஜூலை 2

மதுரையில் தைத்து அனுப்பிவிட்டார்கள். நார் எனக்காகச் சுருங்காமல் காத்திருந்ததாம். இடது கையால் எழுதுகிறேன், அதனால் எழுத்து இன்னும் அழகாக இருக்கிறது. என் தசைநாரைப் பார்க்க வெளியூரில் இருந்தெல்லாம் டாக்டர்கள் வந்தார்கள். மாவு வீச ஆறு மாதம் ஆகும் என்றார்கள். எனக்கு நான்கு போதும்.

வீட்டுக்கு வந்ததும் வேலுத்தாய் என் கட்டிலை ஒட்டியே தன் பாயை விரித்தாள்.

"வலிச்சா எழுப்பணும். சொல்லிட்டேன். நான் அழுதா அழுதுட்டுப் போறேன், நீங்க எழுப்பணும்."

மூன்று தடவை எழுப்பினேன். மூன்று தடவையும் எழுந்து உட்கார்ந்து, தலையணையை மாற்றிவைத்து, தைத்த இடத்துக்கு மேலே உள்ளங்கையை வைத்து, விடியும்வரை எதையாவது பேசிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைதான் வலித்தது.